அரைக் குளிசை

செல்வநாயகத்துக்கு மனிதர்களில் பாதிப் பேரைப் பிடிக்காது. மீதிப் பேரை அவர் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. கொடகவெலைக்கு மேலேயுள்ள ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பத்தோரு வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். காலையில் பிரட்டுக்களத்தில் ஆட்கள் வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்கும்போது, முந்தின நாள் குடித்தவனைப் பத்தடி தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்ததும் திட்டமாட்டார். மூக்கை லேசாகச் சுருக்கி, அவன் பெயரை மட்டும் மற்றவர்களுக்குக் கேட்கிற மாதிரி இரண்டு தடவை சொல்லுவார். அதற்குத் திட்டே தேவலை என்பார்கள் ஆட்கள்.

"மனசக் கட்டிவைக்க ஏலாதவன் மனுசனே இல்ல" என்பது அவர் கொள்கை. குடி, லொத்தர் டிக்கெட், சீட்டாட்டம், போனில் பொழுதெல்லாம் விரலை இழுத்துக்கொண்டிருப்பது எல்லாம் அவருக்கு ஒரே நோய்தான்.

அவர் அருவருப்பின் உச்சத்தில் இருந்தவர்கள் மாணிக்கம் அரிப்பவர்கள். தோட்டத்தின் கீழ் எல்லையில் ஒரு ஓடை. அதில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, சரளைக் கல்லை மூங்கில் கூடையில் அள்ளிச் சுழற்றிச் சுழற்றி அரிப்பார்கள். மண் கரைந்து போகும், கல் மிஞ்சும், குனிந்து பார்ப்பார்கள், கொட்டுவார்கள், மறுபடி அள்ளுவார்கள். நூறு கூடைக்கு ஒரு கூடையில் எதாவது மின்னும். அதுவும் பெரும்பாலும் எறும்புக்குக் கூட உதவாத பொடி. அனுமதியில்லாமல் ஓடையில் இறங்குவது குற்றம் என்பதால் அவர்களைத் துரத்துவது செல்வநாயகத்தின் வேலைகளில் ஒன்றாக இருந்தது. மற்ற வேலைகளைக் கடமைக்குச் செய்தார். இதை ஆசையாகச் செய்தார். கூடைகளைப் பிடுங்கிக் கரையில் போட்டுச் சப்பாத்துக் காலால் மிதித்து நொறுக்குவார்.

நொறுங்கிய கூடைகளில் நாலைந்து அவருடைய மைத்துனன் ரொபர்ட்டினுடையவை. மனைவி மரியாயியின் தம்பி. பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவன். வாரத்தில் இரண்டு நாள் ஓடையில்தான் கிடப்பான். செல்வநாயகத்தின் மகள் ரோஷானி கோயிலில் முதன்முதலாக நன்மை வாங்கிய புதுநன்மை விருந்தன்று, பிள்ளைக்கு ஒரு பொம்மையும் வாங்கிக்கொண்டு, ஓடையிலிருந்து நேரே வந்துவிட்டான். காற்சட்டையில் ஈரம் காயவில்லை. செல்வநாயகம் அவனை வாசலிலேயே நிறுத்தினார்.

"இந்த வீட்டுக்குள்ள மனுசன்தான் வரலாம். எலும்பு கெடைக்குமான்னு நாள் பூரா மண்ணைத் தோண்டுற நாய்க்கு இங்க எடமில்ல."

விருந்தாளிகள் முன்னால் சொன்னார். ரொபர்ட் பொம்மையைப் படியில் வைத்துவிட்டுப் போனான். அதன்பின் இருபத்திரண்டு வருடம் அவன் அவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மரியாயி தம்பியை மாதா கோயிலில் பூசை முடிந்த பிறகு பார்த்துக்கொள்வாள்.

ஓய்வு பெற்றதும் செல்வநாயகம் தோட்டத்து எல்லையில் ஒரு துண்டுக் காணி வாங்கி வீடு கட்டினார். வீட்டின் பின்புறம் சரிவு. சரிவின் அடியில் அதே ஓடை. குடியேறிய இரண்டாம் வருடம் அவருடைய வலது கட்டை விரல் நடுங்கத் தொடங்கியது. பிறகு கை. பிறகு காலை எடுத்து வைப்பதற்கு முன்னால் ஒரு தயக்கம், கால் அவருடைய உத்தரவுக்குக் காத்திருந்து உத்தரவு வந்த பிறகும் யோசிப்பது போல. முகம் மரத்துப்போய்ச் சிரிப்பும் கோபமும் ஒன்றாயின. தோட்டத்து ஆட்களின் லயத்தில் யாரோ, "கணக்கப்புள்ள ஐயாவுக்கு இப்பத்தான் மனசுல உள்ளது மூஞ்சிக்கு வந்திருக்கு" என்றார்களாம். அதையும் ஒருவன் வந்து அவரிடமே சொன்னான்.

பெல்மதுளையில் ஆசிரியையாக இருந்த ரோஷானி லீவு போட்டு வந்து அவரை இரத்தினபுரிக்குக் கூட்டிப்போனாள். நரம்பு டொக்டர் யும்னாவுக்கு ரோஷானியின் வயதுதான் இருக்கும். அவள் அவரை 'அங்கிள்' என்று கூப்பிட்டதே அவருக்குப் பிடிக்கவில்லை.

"அங்கிள், மூளைக்குள்ள டோபமின்னு ஒரு சாமான் சுரக்கும். உங்களுக்கு அது சுரக்கிற இடம் தேஞ்சுகிட்டு வருது. அதான் கை நடுங்குது, கால் இழுக்குது. இந்தக் குளிசையை முழுங்கினா, அது டோபமின் மாதிரியே நடிச்சு அந்த வேலையப் பார்க்கும். ஒரு நாளைக்கு மூணு."

"சரி."

"இன்னொண்ணு. இதைக் குடிக்கிற சில பேருக்கு அடக்க முடியாத ஆசை வரும். சூதாட்டம், சாப்பாடு, கண்டதை எல்லாம் வாங்குறது. புதுசா எதாவது பழக்கம் வந்தா மறைக்காம உடனே சொல்லுங்க."

செல்வநாயகம் மகளைப் பார்த்தார், பிறகு டொக்டரைப் பார்த்தார். "அது ஆளோட தராதரத்தைப் பொறுத்தது" என்றார்.

டொக்டர் யும்னா எதையோ எழுதிக்கொண்டே, "இல்ல அங்கிள், அளவைப் பொறுத்தது" என்றாள். அவர் அதற்குள் எழுந்துவிட்டார்.

குளிசை வேலை செய்தது. ஒரு மாதத்தில் கால் சொன்ன பேச்சைக் கேட்டது. காலையில் எழுந்து சரிவில் இறங்கி, ஓடைக் கரையோரம் நடந்துவிட்டு வருவார். அப்படி நடந்த ஒரு நாள், ரப்பர் வேரில் மாட்டிக்கொண்டு கிடந்த பழைய கூடையொன்றைக் கண்டார். பழக்க தோஷத்தில் மிதிக்கக் காலைத் தூக்கினார். பிறகு, இந்த மடையன்கள் இதற்குள் எதைத்தான் பார்க்கிறார்கள் என்று பார்த்துவிடுவோமே என்று தோன்றியது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

இன்னும் லேசாக நடுங்கிய கைக்கு அரிப்பது வெகு சுலபமாக இருந்தது. கூடை தானாகவே சுழன்றது. மூன்றாவது கூடையில், கறுத்த கூழாங்கற்களுக்கு நடுவில், அரிசி மணியளவு ஒரு நீலப் பொடி கிடந்தது. மரத்த முகத்தில் ஒன்றும் அசையவில்லை. ஆனால் நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டித் திறந்தது போல இருந்தது.

"இவ்வளவுதானா? இதுக்குத்தானா நாய்ப்பாடு படுறானுக?" என்று சத்தமாகவே சொல்லிவிட்டு அந்தக் கல்லை ஓடையில் எறிந்தார். கூடையையும் எறிந்தார். நிமிர்ந்து வீட்டுக்குப் போனார்.

மறுநாள் விடியும் முன்பே கண் விழித்துக்கொண்டது. கீழே ஓடைச் சத்தம் கேட்டது. தினமும் கேட்கிற சத்தம்தான். இன்றைக்கு அது கேட்டதுமே வாயில் எச்சில் ஊறியது. கல் வேண்டும் என்றிருந்தால் நேற்று அதை எறிந்திருக்க மாட்டார். ஆகவே இது கல்லாசை இல்லை, வெறும் ஆராய்ச்சி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, எறிந்த கூடையைத் தேடிப் போனார்.

மூன்று மாதம் ஆராய்ச்சி நடந்தது. மரியாயியிடம் நடக்கப் போகிறேன் என்பார். நடை முதலில் ஒரு மணித்தியாலம், பிறகு மூன்று, பிறகு ஐந்து. ஓடையில் நிற்கிற சிங்கள ஆட்கள் "மஹத்தயா" என்று மரியாதையாக ஒதுங்கி இடம் விட்டார்கள். அவர்களோடு அவர் பேசமாட்டார். அவர்கள் பேராசையில் நிற்கிறார்கள், தான் அப்படியில்லை என்பது அவருக்கு நிச்சயம். வெறும் கூடைகள் வரிசையாக வந்தால் அவர்கள் ஐம்பதாவது கூடையில் அலுத்துப்போய்க் கரையேறிப் பீடி பற்றவைத்தார்கள். செல்வநாயகத்துக்கு அலுக்கவில்லை. ஒவ்வொரு வெறும் கூடையும் அடுத்த கூடையைத்தான் காட்டியது. இந்த அலுப்பின்மையையும் தன்னுடைய மனத்திடத்துக்கு அத்தாட்சியாகவே எடுத்துக்கொண்டார். அவர் ஆள் அப்படி.

ஒருநாள் ஓடை வளைவில் ரொபர்ட் நின்றான். தலை நரைத்து, ஒரு பக்கப் பல் போயிருந்தது. மச்சானையும் கூடையையும் அவன் மாறி மாறிப் பார்த்தான். செல்வநாயகம் அவன் வாயிலிருந்து வரப்போகும் ஏதோ கேவலமான பேச்சுக்குத் தயாராகிக்கொண்டு நின்றார். ரொபர்ட் தன் பக்கத்தில் கிடந்த ஒரு பாறையை நகர்த்தி இடம் பண்ணிக் கொடுத்தான்.

பதினொரு மணி போல அவன் கரையேறினான்.

"பசிக்குது மச்சான். நான் போறேன். நீங்க வரலியா?"

"ஒனக்கு வயிறுதானே பெரிசு" என்றார் செல்வநாயகம், கூடையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ரொபர்ட் போய்விட்டான். செல்வநாயகம் மூன்று மணி வரை நின்றார்.

அந்த மாதக் கிளினிக்கில் டொக்டர் யும்னா கேட்டாள், "புதுப் பழக்கம் எதும் உண்டா அங்கிள்?" இல்லை என்றார். பொய் சொல்லும் முகங்களை முப்பத்தோரு வருடம் படித்தவருக்கு, தன் முகத்தை இப்போது யாராலும் படிக்க முடியாது என்று தெரிந்திருந்தது. ரோஷானி மட்டும் அவருடைய பாதங்களைக் குனிந்து பார்த்தாள். ஊறி வெளுத்து, வேகவைத்த கிழங்கு மாதிரி இருந்தன.

"அப்பா, கால் ஏன் இப்பிடி?"

"பனியில நடக்குறேன்ல."

ஒக்டோபர் மழைக்கு ஓடை பொங்கி யாரும் இறங்க முடியாமல் போனது. மூன்று நாள் செல்வநாயகம் வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்தார், மரியாயியிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தார். நாலாம் நாள், மரியாயி சமைக்கிற குசினிக்குப் பின்னால் மழை அரித்த மேட்டில், வெளுத்த களிமண்ணுக்குள் உருண்டைக் கற்கள் வரிசையாகத் தெரிவதைக் கண்டார். மாணிக்கச் சரளைதான். அது சரிவிலிருந்து வீட்டுப் பக்கம் ஏறிக் குசினிச் சுவருக்கு அடியில் போயிற்று.

"என்னங்க தோண்டுறீங்க?" என்று மரியாயி கேட்டாள்.

"தண்ணி போக கான் வெட்டுறேன்."

அவளும் நம்பினாள். ஒரு வாரம் வெட்டினார். அரநாயக்கவில் மலை சரிந்து மனிதர்கள் புதைந்த செய்தியை வாசித்துவிட்டு, சரிவில் மண்ணை வெட்டுகிறவர்களைப் பற்றி ஊரெல்லாம் அறிவுரை சொன்ன மனிதர் அவர். அது நினைவுக்கு வரத்தான் செய்தது. வந்ததைப் பக்கத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு மண்வெட்டியை ஓங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை கால் வலி என்று சொல்லிப் பூசைக்குப் போகவில்லை. மரியாயி படியிறங்கியதும் குசினி அத்திவாரத்துக்கு அடியில் குனிந்து நுழைந்தார். இடுப்பளவு குழி. சரளை கையில் உதிர்ந்தது. வாளித் தண்ணீரில் கூடையை வைத்து அரித்தார். ஒன்று, இரண்டு, ஐந்து. ஆறாவதை அள்ளும்போது மேலே ஏதோ பெருமூச்சு விட்டது போலக் கேட்டது. பிறகு சுவர் உட்கார்ந்தது.

ஓடை வடிந்துவிட்டதா என்று பார்க்கக் கீழே வந்திருந்த ரொபர்ட், சத்தம் கேட்டுச் சரிவில் ஏறி ஓடி வந்தான். கல்லும் மண்ணுமாகக் குவிந்திருந்தது. அதற்கு நடுவில் மச்சானின் தலையும் ஒரு கையும் தெரிந்தன. அந்தக் கையில் கூடை.

"மச்சான்! அசையாதீங்க, இழுக்குறேன்."

"கூடையப் புடி" என்றார் செல்வநாயகம்.

"என்னது?"

"கூடையப் புடிடா மொதல்ல! கொட்டிரும்!"

ரொபர்ட் நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்தான். பிறகு கூடையை வாங்கி ஒரு பக்கம் பத்திரமாக வைத்தான். அதற்குப் பிறகுதான் அவர் கையைக் கொடுத்து, தன்னை இழுக்கவிட்டார். வலது கணுக்கால் முறிந்திருந்தது. இழுத்து வெளியே போட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி கூடை எங்கே என்பதுதான்.

மரியாயி திரும்பி வந்தபோது அவளோடு கோயில் உபதேசியாரும் இரண்டு மூன்று பெண்களும் வந்தார்கள். குசினி இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. பானை சட்டிகள் சேற்றில் கிடந்தன. அவள் குழியைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். ரொபர்ட்டைத்தான் குற்றம் சொல்லப் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீங்களா?" என்றாள் புருஷனிடம்.

அவர் கண் கூடையிலேயே இருந்தது.

"அன்னைக்கு எந்தம்பிய நாய்னு சொன்னீங்க. நானும் அது சரின்னு நம்புனேங்க. இருவத்திரண்டு வருசம் நம்புனேன்." அவள் அழவில்லை. சேற்றிலிருந்து ஒரு சட்டியை எடுத்து, அது உடைந்திருப்பதைக் கண்டு திரும்பவும் சேற்றிலேயே போட்டாள். "ஒங்களச் சொல்லி என்ன, என்னையத்தான் சொல்லணும்."

காலில் கட்டோடு அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து ரோஷானி இரத்தினபுரிக்குத் தள்ளிக்கொண்டு போனாள். இம்முறை அவள்தான் பேசினாள், எல்லாவற்றையும். டொக்டர் யும்னா கோபப்படவில்லை. அவள் கோபப்பட்டிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"அங்கிள், டோபமின் சந்தோசத்துக்கான சாமான்னு பலரும் நினைக்கிறாங்க. அதைவிட, எதிர்பார்க்க வைக்கிறதுக்கும் பழக்குறதுக்கும்தான் அது பெரிசா வேணும். நினைக்காம ஒண்ணு கிடைச்சா அது குபுக்குன்னு ஏறும். இப்ப செஞ்சதை மறுபடி செய்னு மூளைக்குச் சொல்லும். கொஞ்ச நாள்ல கிடைக்க முதலே, கூடையைப் பார்த்ததும், ஓடைச் சத்தம் கேட்டதும் ஏறும். எதிர்பார்த்தது கிடைக்கலேன்னா இறங்கும். அந்த இறக்கம்தான் போதும், வீட்டுக்குப் போன்னு படிச்சுக் குடுக்கிறது. உங்க குளிசை அந்த இறக்கத்தை மூடிட்டிருக்கு. ஏமாந்தது உங்க மூளைக்கு ஏமாந்த மாதிரியே தெரியல."

அலுக்காமல் நின்ற மணித்தியாலங்கள் செல்வநாயகத்துக்கு ஞாபகம் வந்தன. அவற்றைப் பற்றித் தான் கொண்டிருந்த பெருமையும் ஞாபகம் வந்தது.

"அப்ப இதுல நான் செஞ்சது எது, குளிசை செஞ்சது எது?"

"அதைப் பிரிச்சுப் பார்க்கிற கருவி எங்ககிட்ட இல்ல அங்கிள்."

"குளிசை குடிக்காம ஓடையில நிக்கிறவனுகளுக்கு?"

"ஒவ்வொருத்தர் மண்டையிலயும் ஒவ்வொரு அளவுல சுரக்குது. வேற வேற காரணமும் இருக்கும். வெளியில நின்னு பார்த்துச் சொல்ல ஏலாது."

வெளியில் நின்று பார்த்தே முப்பத்தோரு வருடம் தீர்ப்புச் சொன்னவர், அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு, கட்டுப் போட்ட காலைக் குனிந்து பார்த்தார். சட்டென்று நிறுத்தக்கூடாது என்று சொல்லி டொக்டர் அந்தக் குளிசையை வாரம் வாரமாகக் குறைத்தாள். நடுக்கத்துக்கு வேறொன்று கொடுத்தாள். மூன்று இரண்டாகி, ஒன்றாகி, கடைசியில் ஒரு நாளைக்கு அரைக் குளிசையில் நின்றது.

அவர் பெரிய போராட்டத்துக்குத் தயாராக இருந்தார். ஆசை வரும், பல்லைக் கடித்து அடக்க வேண்டும், அடக்கிக் காட்ட வேண்டும் என்று காத்திருந்தார். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஒரு காலை கண் விழித்தபோது ஓடைச் சத்தம் கேட்டது. அது வெறும் தண்ணீர்ச் சத்தமாக இருந்தது. அவ்வளவுதான். அவரைக் கேட்காமல் வந்தது அவரைக் கேட்காமலே போய்விட்டது. குசினி போனதைவிட, கால் முறிந்ததைவிட, இதுதான் அவருக்கு அவமானமாக இருந்தது. அடக்குவதற்கு ஆசை இல்லாத இடத்தில் மனத்திடத்துக்கு என்ன வேலை? பிரட்டுக்களத்தில் குடியைத் தொடாமல் நிமிர்ந்து நின்ற அந்தக் காலத்திலும் அவருக்குக் குடிக்க ஆசை வந்ததாக ஒரு நாள்கூட ஞாபகமில்லை. வராத ஆசையை அடக்கியதற்காகத்தான் அத்தனை பேரைப் பார்த்து மூக்கைச் சுருக்கியிருக்கிறார்.

குசினியை யார் கட்டுவது என்ற பேச்சு வந்தபோது, யாரும் கேட்காமலே ரொபர்ட் வந்தான். ஓடை மணலும் கல்லும் சுமந்து, பின்னேரங்களில் வேலை செய்தான். மரியாயி அவனுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள், புருஷனுக்கும் கொடுத்தாள். புருஷனிடம் இன்னும் அதிகம் பேசவில்லை. செல்வநாயகம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். குளிசை குறைந்ததால், வேறொன்று குடித்தும், கை பழையபடி நடுங்கியது.

சுவர் நெஞ்சளவு எழும்பிய ஒருநாள் உபதேசியார் வந்தார். தவக்காலம் வரப்போகிறது, சாத்தானின் சோதனையை ஐயா ஜெயித்து வந்த கதையை ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எழுந்து சொன்னால் பொடியன்களுக்கு நல்ல சாட்சியாக இருக்கும் என்றார்.

"நான் ஜெயிக்கல" என்றார் செல்வநாயகம்.

"ஆண்டவரோட கிருபையால..."

"குளிசையக் கொறைச்சாங்க. நின்னுபோச்சு. நாளைக்குக் கூட்டினா நாளைக்கே போயி ஓடையில நிப்பேன். அதச் சொல்லட்டா கோயில்ல?"

உபதேசியார் சிரிக்க முயன்றார்.

"இந்தா நிக்கிறானே, இவனக் கூப்புடுங்க" என்று செல்வநாயகம் ரொபர்ட்டைக் காட்டினார். "ஒரு குளிசையும் குடிக்காம ஓடையில எறங்கி, பசிச்சதும் கரையேறி வீட்டுக்குப் போறவன். அந்தப் பதினோரு மணி எனக்கு வரவேயில்ல. சாட்சி வேணும்னா அவன்கிட்ட கேளுங்க. இல்லாட்டி ஆள விடுங்க."

"ஐயோ மச்சான், என்னைய எதுக்கு இழுக்குறீங்க?" என்றான் ரொபர்ட், கையில் சாந்துக் கரண்டியோடு. "எனக்கு ஒழுங்கா செபமே தெரியாது."

உபதேசியார் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவருடைய முதுகைப் பார்த்துச் செல்வநாயகம் மூக்கைச் சுருக்கப் பார்த்தார். தசை ஒத்துழைக்கவில்லை. பிறகு சுவரைப் பார்த்தார்.

"டேய், அந்த மூலை கோணலா இருக்கு."

ரொபர்ட் இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்துப் பார்த்தான். "ஆமா, கோணல்தான். இடிச்சுட்டுக் கட்டட்டா?"

செல்வநாயகம் யோசித்தார். பாதிக் குசினிக்குள் நின்று, அவர் என்ன சொல்லப்போகிறார் என்று மரியாயி கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது.

"வேணாம். மேல கட்டு" என்றார்.